கடலுக்கு டோக்கன் நம்பர் இல்லை

என் மகள் ஹெப்பகோடியில் குடியிருக்கும் அடுக்ககத்தில் ஒரு கடல் குகை இருக்கிறது. சிரிக்காதீர்கள், நானும் முதலில் சிரித்துவிட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீச்சல் குளத்தின் ஓரத்தில் கம்பி வலை கட்டி, மேலே சிமெண்ட் பூசி, பாறை என்று நம்பும்படி கறுப்புச் சாயம் அடித்து, நடுவில் ஒரு வாய் திறந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே கடைசியில் நான்கு பேர் உட்காருகிற அளவுக்கு ஒரு திட்டு. எங்கோ மறைவில் மோட்டார் ஓடும்போது குளத்துத் தண்ணீர் அலையாகக் கிளம்பி வந்து குகையின் வாயில் மோதுகிறது. பக்கத்தில் ஒரு பலகை. அலை நேரம் தினமும் காலை ஒன்பது முதல் பதினொன்று வரை என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது.

அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏறக்குறைய இதே வாசகத்தை, இதே இடத்தில், முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் என் கையால் தட்டச்சு செய்திருக்கிறேன். அந்த அடுக்ககம் நிற்பது எங்கள் தொழிற்சாலை இருந்த நிலத்தில். வாசல் கேட்டிலிருந்து எட்டு வைத்துப் பார்த்தால், நீச்சல் குளம் இருக்கிற இடத்தில்தான் எங்கள் சோதனை மேடை இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு நான் அடித்தது தப்பு என்று கடல் காட்டிக் கொடுத்தது. இவர்கள் ஒரு மோட்டாரை வைத்து என்னைச் சரியாக்கிவிட்டார்கள்.

குளத்திலிருந்து பிளீச்சிங் பவுடர் வாசனை வந்தது. அந்த வாசனை எனக்குப் புதிதல்ல. நாங்கள் செய்தது தண்ணீர் மீட்டர். உங்கள் வீட்டு வாசலில் மண் மூடிக் கிடக்கிறதே, கண்ணாடிக்கு உள்ளே ஒரு சின்ன முள் சுற்றும் பித்தளைச் சாமான், அதுதான். ஒவ்வொரு மீட்டரையும் மேடையில் பூட்டித் தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகுதான் பெட்டிக்குள் வைப்பார்கள். மேடைத் தொட்டியில் பாசி பிடிக்காமலிருக்க வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் கொட்டுவார்கள். ஈரப் பித்தளையும் பவுடரும் கலந்த அந்த வாடை ஒக்கலிபுரத்தில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் என் புடவையில் இருக்கும். என் அம்மா மூக்கைச் சுளித்து, "ஆஸ்பத்திரியிலயா வேல பாக்குற?" என்பாள்.

நான் மேடையில் வேலை பார்க்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், பிளானிங் பிரிவில், டிரெயினி. மேடையில் வேலை பார்த்தவள் கௌதமி அக்கா. ஜீவனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். அவள் தாத்தா காலத்திலேயே பௌத்தத்துக்கு வந்த குடும்பம். கூடத்துச் சுவரில் ஒரு பெரிய புத்தர் படம் மாட்டியிருக்கும், அதற்குக் கீழே அவள் கணவரின் சைக்கிள் சாய்த்து வைத்திருக்கும். அக்காவுக்கு மீட்டரைக் கண்ணால் பார்க்கவே தேவையில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தத்தை வைத்தே எது கசியும், எது கசியாது என்று பிரித்துவிடுவாள். பன்னிரண்டு மீட்டர் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருக்கும், அவள் பக்கத்து ஆளோடு புளி விலை பேசிக்கொண்டே கையை நீட்டி ஒன்றைத் தட்டுவாள். பிரித்துப் பார்த்தால் வாஷர் கிழிந்திருக்கும். இந்தக் கலைக்கு அவள் சம்பளச் சீட்டில் இருந்த பெயர் 'செமி ஸ்கில்டு'.

எங்கள் தொழிற்சாலையில் மனிதர்களை இரண்டாகப் பிரிக்கலாம். டோக்கன் உள்ளவர்கள், இல்லாதவர்கள். பித்தளையில் வட்டமாக ஒரு வில்லை, அதில் நம்பர் அடித்திருக்கும். காலையில் வாசலில் இருக்கும் ஆணியிலிருந்து அதை எடுத்துப் பெட்டியில் போட்டால் வேலைக்கு வந்ததாக அர்த்தம். பர்மனெண்ட் ஆனவர்களுக்குத்தான் டோக்கன். என்னைப் போன்ற டிரெயினிக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து. அதிகாரிகளுக்கு அதுவும் கிடையாது, அவர்கள் வந்தாலே வந்த மாதிரி. அந்த வருஷம் என் அப்பா ரயில்வேயிலிருந்து ஓய்வு பெறவிருந்தார். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வாடகைக்கு வீடு தேடிப் போன இடத்திலெல்லாம் வீட்டுக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "பொண்ணுக்கு வேலை பர்மனெண்டா?" என்பதுதான். ஆகவே எனக்கு அந்தப் பித்தளை வில்லை வேண்டும். தாலிக்கு ஆசைப்படும் வயதில் நான் டோக்கனுக்கு ஆசைப்பட்டேன்.

அதைத் தருகிற கை சம்பந்தம் சாருடையது. பிளானிங் ஆபீசர். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். நல்ல மனிதர், சஃபாரி உடை, சட்டைப் பையில் மூன்று பேனா. நிம்மதியாக இருக்கும்போது தமிழ் பேசுவார், வேலை பேசும்போது இங்கிலீஷ், பயந்தால் கன்னடம். அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கை உண்டு. கையெழுத்துப் போட்ட பிளானை யாரும் மாற்றக் கூடாது. மாற்ற வேண்டுமானால் டீவியேஷன் நோட் எழுத வேண்டும். மஞ்சள் தாள், நான்கு கட்டம். என்ன நடந்தது, ஏன் நடந்தது, யார் பொறுப்பு, இனி நடக்காமலிருக்க என்ன செய்வீர்கள். ஒருமுறை கரண்ட் போய் உற்பத்தி நின்றதற்குக்கூட அந்தத் தாளை எழுதச் சொன்னார். எலக்ட்ரீஷியன் ஒருவர் மின்சாரத்துக்காக வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தார்.

அந்த டிசம்பரில் தொழிலாளர்களுக்கு டூர் போக அனுமதி கிடைத்தது. மேற்குக் கடற்கரையில், கும்டாவைத் தாண்டி ஒரு சின்ன ஊர். அங்கே கறுப்புப் பாறை ஒன்று கடலுக்குள் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் அடியில் அலையே குடைந்த ஒரு குகை, தண்ணீர் இறங்கியிருக்கும்போது நடந்தே உள்ளே போகலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஏற்பாடு பிளானிங் பிரிவுக்கு வந்தது, பிளானிங் பிரிவு என்றால் நான். சம்பந்தம் சார் சொன்னார்: "டூர் நல்லபடியா முடியட்டும்மா. உன் கன்ஃபர்மேஷன் பேப்பர் திங்கக்கிழமை அனுப்பணும். பாக்கலாம்." இந்தப் 'பாக்கலாம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு அதிகாரி எத்தனை பேரை எத்தனை வருஷம் வேலை வாங்கலாம் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

நான் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அந்த ஊர் லாட்ஜுக்குப் போன் போட்டேன். பூத்தில் சிவப்பு எண்கள் ஓட ஆரம்பித்தால் எனக்குப் பேச்சு தந்தி மாதிரி சுருங்கிவிடும். குகைக்குள் எத்தனை மணிக்குப் போகலாம் என்று கன்னடத்தில் கேட்டேன். லாட்ஜ் மேனேஜர் நிதானமானவர். இன்றைக்குக் காலையில் ஒன்பது மணிக்கு ஒரு குடும்பம் போனது, பதினொன்று வரைக்கும் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது என்றார். மேலே ஏதோ சொல்ல வந்தார். நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதே. ஆபீஸுக்கு வந்து அட்டவணையில் அடித்தேன்: 'குகை. தண்ணீர் இறங்கும் நேரம், தினமும் காலை ஒன்பது முதல் பதினொன்று வரை.'

தினமும் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. அது என் சொந்தச் சேர்க்கை. என்னைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை யோசியுங்கள். ஒக்கலிபுரத்தில் பிறந்தவளுக்குத் தெரிந்த தண்ணீர் எது? தெருக் குழாயில் காலை ஐந்துக்கு வரும், ஆறரைக்கு நிற்கும். நின்றால் நின்றதுதான். எங்கள் தெருவே அந்த ஒன்றரை மணி நேரத்தை வைத்துத்தான் கல்யாணம் முதல் சண்டை வரை எல்லாவற்றையும் நடத்தியது. தொழிற்சாலையிலும் மேடைக்குத் தண்ணீர் சைரன் ஊதினால் வரும், ஊதினால் நிற்கும். உலகத்தில் நேரம் இல்லாத தண்ணீர் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கடலையும் யாரோ எங்கோ வால்வு வைத்துத் திறந்து மூடுகிறார்கள் என்றுதான் என் மனசின் ஏதோ ஒரு மூலை நினைத்திருக்கும். எங்கள் முப்பது பேரும் அட்டவணையைப் படித்தார்கள். தண்ணீரை அளப்பதே தொழிலாக வைத்திருந்த முப்பது பேர். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

போன் போட்டதிலிருந்து பன்னிரண்டாவது நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது மணிக்குச் சரியாகக் கடற்கரையில் நின்றோம். பத்துப் பத்துப் பேராக மூன்று பேட்ச், பேட்சுக்கு நாற்பது நிமிஷம். பதினொன்றரைக்குச் சாப்பாடு, பன்னிரண்டுக்கு பஸ், விடிகாலை ஹெப்பகோடி, ஆறு மணிக்கு முதல் ஷிப்ட். மேடைக்காரர்கள் ஏ பேட்ச், செருப்புகூட நனையாமல் போய்விட்டு வந்தார்கள். அசெம்பிளிக்காரர்கள் பி பேட்ச், கணுக்கால் நனைந்து வந்தார்கள். ஆபீஸ்காரர்கள் நாங்கள் சி பேட்ச். நாங்கள் போகும்போது குகை வாசலில் முழங்காலுக்குத் தண்ணீர் இருந்தது. சம்பந்தம் சார் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பேண்டை மடித்து, ஆய்வுக்கு வந்த மந்திரி மாதிரி நடந்தார்.

குகையைப் பற்றி என்ன சொல்ல? வாசல் சின்னது, ஒரு லாரி நுழையலாம். உள்ளே போனால் பஸ் டிப்போ மாதிரி விரிந்துகொண்டே போகிறது. மேலே கூரையில் எங்கோ ஒரு ஓட்டை, அதன் வழியாக வெயில் சாய்வாக இறங்கித் தண்ணீரில் விழுந்து, சுவரெல்லாம் பச்சை வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அலையும் உள்ளே வந்து சுவரைத் தொட்டதும் ஒரு பெரிய பெருமூச்சு கேட்கும். பாறை வழவழவென்று, பல வருஷம் கை பட்டுத் தேய்ந்த மரப்படி மாதிரி இருந்தது. இதை இவ்வளவு அழகாகச் செதுக்குவதற்குத் தண்ணீருக்கு ஒரு பிளானும் தேவைப்படவில்லையே என்று எனக்குத் தோன்றியது. சார் பக்கத்தில் இருந்ததால் சொல்லவில்லை.

இருபது நிமிஷத்தில் மற்ற எட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராக வெளியே போய்விட்டார்கள். தண்ணீர் தொடைக்கு வந்திருந்தது. "சார், போலாமா?" என்றேன்.

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கேம்மா. பதினொண்ணு வரைக்கும்னு சார்ட்ல போட்டிருக்கு."

"தண்ணி ஏறுற மாதிரி இருக்கு சார்."

"எப்படி ஏறும்? அப்ரூவ் பண்ண சார்ட்டும்மா அது."

சார்ட்டை அடித்தவள் நான், அதை நம்புகிறவர் அவர். நம்பாதீர்கள் என்று சொன்னால் திங்கட்கிழமை என் காகிதம் என்ன ஆகும்? நான் தொடை வரை நனைந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பேசாமல் நின்றேன்.

அப்போதுதான் வாசலில் ஒரு உருவம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தது. கௌதமி அக்கா. ஏ பேட்சில் வந்து பார்த்துவிட்டுப் போய், கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவள்.

"யம்மா, இன்னாத்துக்கு இன்னும் நின்னுனுகீறீங்க? தண்ணி சத்தம் மாறிப் பத்து நிமிசம் ஆவுது. கரையில ஒக்காந்தாலே கேக்குது. வாங்க வெளிய."

நாங்கள் திரும்பி வாசலைப் பார்த்தோம். அவள் உள்ளே வந்த அந்த ஒரு நிமிஷத்தில் வாசல் பாதியாகக் குறைந்திருந்தது. அடுத்த அலை எங்களைத் தூக்கிச் சுவரில் தள்ளியது. சாரின் ஒரு ஷூ போய்விட்டது. எங்கள் மூவருக்கும் நீச்சல் தெரியாது. "அய்யய்யோ, ஏன் மாடோது ஈகா?" என்றார் சார், இப்போது என்ன செய்வது என்று. கன்னடத்துக்குப் போய்விட்டார் என்றால் நிலைமை மோசம்.

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீட்டரைப் பார்க்கிற அதே பார்வை. "பாசியும் சிப்பியும் இம்மாந்தூரம்தான் கீது. அதுக்கு மேல கல்லு காஞ்சி கெடக்குது பாரு. தண்ணி அதத் தாண்டாது. ஏறுங்க" என்றாள். உள்ளே கடைசியில் தோள் உயரத்துக்கு ஒரு திட்டு இருந்தது. அவள் என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கிவிட்டாள், பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பிளானிங் ஆபீசரை இழுத்துப் போட்டோம். பத்தே முக்காலுக்கு ஏறினோம். நாலரைக்குத்தான் இறங்க முடிந்தது.

ஆறு மணி நேரம் கிட்டத்தட்ட. மரண பயம் என்பது முதல் முக்கால் மணி நேரத்துக்குத்தான். திட்டுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் வந்து, அக்கா சொன்ன கோட்டில் நின்றதும் பயம் போய்ப் பசி வந்துவிட்டது. அக்காவின் முந்தானையில் முடிந்திருந்த வேர்க்கடலை உப்புத் தண்ணீரில் ஊறியிருந்தது. மூன்று பங்கு வைத்துத் தந்தாள். சார் தன் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாரும் அவங்கவங்க சாமிய வேண்டிக்கலாம்மா" என்றார்.

"எங்க சாமி எழுந்து வராது சார்," என்றாள் அக்கா. "அது எப்பவும் ஒக்காந்துனுதான் இருக்கும். இப்ப நம்மளும் அத்தான செய்றோம்."

சார்கூடச் சிரித்துவிட்டார். கூரை ஓட்டை வழியாகச் சாப்பாட்டுச் சத்தம் கேட்டது. பதினொன்றரைக்குச் சரியாகச் சித்ரான்னம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். யாரோ மேலே பாறையில் ஏறி வந்து ஓட்டையில் வாயை வைத்து, மீனவர் ஒருவரைக் கேட்டாகிவிட்டது, ஆபத்தில்லை, சாயந்தரம் தண்ணீர் தானாக இறங்கும் என்று கத்தினார். கடல் தினமும் முக்கால் மணி, ஒரு மணி தள்ளித் தள்ளித்தான் வருமாம், பன்னிரண்டு நாளைக்கு முந்தைய நேரத்தை வைத்துக்கொண்டு யார் வந்தது என்று மீனவர் கேட்டாராம். அதையும் சேர்த்துக் கத்தினார்.

சார் என் பக்கம் திரும்பினார். ஈர சஃபாரி, ஒற்றை ஷூ. நான் உண்மையைச் சொன்னேன். லாட்ஜ் மேனேஜர் இன்றைக்கு என்றுதான் சொன்னார், தினமும் என்று போட்டது நான் என்றேன். சொல்லும்போதே டோக்கன், வாடகை வீடு, அப்பாவின் முகம் எல்லாம் தண்ணீரில் போவதைப் பார்த்தேன். சார் கையிலிருந்த ஒற்றை ஷூவைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார். பிறகு, "கையெழுத்து என்னோடதும்மா" என்றார். அதைப் பெருந்தன்மை என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் தன் கையெழுத்தை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார் என்பது திங்கட்கிழமைதான் புரிந்தது.

பஸ் ஹெப்பகோடிக்கு வந்து சேரும்போது ஏழரை. முப்பது பேரும் முதல் ஷிப்டுக்குத் தாமதம், மேடை ஒன்றரை மணி நேரம் சும்மா நின்றது. மஞ்சள் தாள் வந்தது. சார் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என்ன நடந்தது, டூர் பஸ் தாமதம். ஏன், குகையிலிருந்து வெளியே வரத் தாமதம். மூன்றாவது கட்டம், யார் பொறுப்பு. நான் 'கடல்' என்று எழுதினேன். சத்தியமாக எழுதினேன். சார் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"கடலுக்கு டோக்கன் நம்பர் இல்லம்மா. நம்பர் போடலேன்னா பர்சனல் டிபார்ட்மெண்ட்ல திருப்பி அனுப்பிடுவான்."

அது உண்மைதான். அந்தக் கட்டத்தில் ஒரு டோக்கன் நம்பர் வர வேண்டும். சாருக்கு டோக்கன் கிடையாது. எனக்கு இன்னும் கிடையாது. அந்தக் குகைக்குள் இருந்த மூன்று பேரில் டோக்கன் உள்ளவள் ஒருத்திதான். சார் சத்தமில்லாமல் சொன்னார்: "கடைசியா உள்ள போனது யாரு? அவங்கதானே. ரெக்கார்டுபடி அதுதான். வெறும் ஃபார்மாலிட்டி. ஹோக்லி பிடு, விட்டுத்தள்ளு, அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது." பிறகு மேஜையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து என் பக்கமாக வைத்தார். என் கன்ஃபர்மேஷன். அவர் இன்னும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. மிரட்டவும் இல்லை. பேனாவின் மூடியை மட்டும் கழற்றி வைத்திருந்தார்.

நான் 'கடல்' என்பதை அடித்துவிட்டு முந்நூற்றுப் பதினேழு என்று எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. எங்களைக் கூப்பிட வந்தவளை, நாங்கள் தாமதமானதற்குக் காரணம் என்று என் கையால் எழுதினேன். வெட்கக்கேடு. முப்பது வருஷம் கழித்தும் அதற்கு வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒண்ணும் ஆகாது என்றார் சார். நான்காம் நாள் அக்காவுக்கு மெமோ வந்தது. மேடைக்கு அவளை லைன் லீடர் ஆக்குவதாக இருந்தது, அது இன்னொருவருக்குப் போய்விட்டது. மெமோ இங்கிலீஷில் இருந்தது. தட்டச்சு செய்தது யார் என்று கேட்காதீர்கள். மதியம் அவள் அதை எடுத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"இதுல இன்னா எழுதிகீதுன்னு கொஞ்சம் படிச்சு சொல்லுமா."

நான் படித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

"நான் லேட்டா வெளிய வந்தேன்னு போட்டிருக்கா?"

"ஆமாக்கா."

"நான் எதுக்கு உள்ள வந்தேன்னு எங்கியாவது போட்டிருக்கா?"

"இல்லக்கா."

அவள் தாளை வாங்கி நான்காக மடித்தாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சத்தத்தைக் கேட்டே எந்த மீட்டர் கசிகிறது என்று சொல்கிறவள். அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

"உனுக்கு பர்மனெண்ட் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுக்கா."

"அப்ப ஸ்வீட்டு குடு."

மறுநாள் மைசூர்பாகு வாங்கிப் போனேன். ஒன்றை எடுத்து, பாதியைப் பக்கத்து ஆளுக்குக் கொடுத்துவிட்டு, மீதியைத் தின்றாள். "நெய்யே இல்ல, ஏமாத்திட்டான்" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு எப்போதும் போலத்தான் பேசினாள். நானாவது மாறியிருக்கலாம். நானும் எப்போதும் போலத்தான் இருந்தேன். ஒருநாள் சொல்லிவிட வேண்டும், மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். அவசரம் என்ன, நான்தான் பர்மனெண்ட் ஆயிற்றே, அவளும் பர்மனெண்ட், எங்கே போகப் போகிறோம் என்று தள்ளிப்போடுவேன்.

பதினான்கு வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை தொழிற்சாலையை மூடினார்கள். பர்மனெண்ட் ஆனவர்கள், ஆகாதவர்கள் எல்லாரையும் ஒரே நாளில், ஒரே வாசல் வழியாக அனுப்பினார்கள். டோக்கன்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பித்தளை விலைக்கு எடைக்குப் போட்டிருப்பார்கள். என் டோக்கன் நம்பர் எனக்கு இப்போது மறந்துவிட்டது, நூற்றுச் சொச்சமா, நானூற்றுச் சொச்சமா தெரியவில்லை. முந்நூற்றுப் பதினேழு மட்டும் நினைவிருக்கிறது. அன்றைக்குக் கூட்டத்தில் அக்கா எனக்குக் கையசைத்தாள், நானும் அசைத்தேன், அவளுடைய பஸ் வந்துவிட்டது. சம்பந்தம் சாருக்குப் பெரிய பிரிவு விழா நடந்தது. அதற்கும் அட்டவணை நான்தான் போட்டேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்குக் காக்ஸ் டவுன் போனவள், தைரியத்தைத் திரட்டிக்கொண்டு ஜீவனஹள்ளிக்கு நடந்தேன். அக்கா வீடு இருந்த இடத்தில் நாய்க்குட்டிகளுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் கடை இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளை நாய் ஏசியில் உட்கார்ந்திருந்தது. கல்லாவில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "ஆண்ட்டி, நாங்க வந்தே ரெண்டு வருஷம்தான் ஆவுது. அப்பாயிண்ட்மெண்ட் இருக்கா?" என்றாள். பக்கத்துத் தெருவில் ஒருவர், மகனோடு ஓசூர்ப் பக்கம் போனதாகக் கேள்வி என்றார். எந்தத் தெரு, எந்தப் பேட்டை, யாருக்கும் தெரியவில்லை. ஓசூர்ப் பக்கம் என்பது இன்றைக்கு எவ்வளவு பெரிய பக்கம் என்பது உங்களுக்குத் தெரியாதா?

இன்று காலை மகள் வேலைக்குப் போன பிறகு நான் கீழே இறங்கி அந்தச் சிமெண்ட் குகைக்குள் போய் உட்கார்ந்தேன். ஒன்பதுக்கு அலை வந்தது. ஓடி வந்து திட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது. ஒவ்வொரு முறையும் அதே சாண். சுவரைத் தடவிப் பார்த்தேன், பாசியும் சிப்பியும் சாயத்தில் வரைந்தவை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. பதினொன்றுக்கு மோட்டார் நின்றது, தண்ணீர் அப்படியே சமைந்து நின்றது, குளத்தில் இருந்தவர்கள் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். செக்யூரிட்டி குளத்துக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்து விசில் ஊதினார், கடிகாரத்தைக் காட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை ஊதினார். ஷூ நனைந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளே வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நோட்டில் என் ஃபிளாட் நம்பரை எழுதிக்கொண்டார்.